சாப்பாட்டை ஒதுக்கும் பிள்ளை: வீட்டில் பார்ப்பதா, கவுன்சலிங்கா, அட்மிஷனா?

பத்தாவதோ பதினொன்றாவதோ படிக்கும் பெண். முதலில் ஸ்வீட் வேண்டாம் என்றாள், பிறகு எண்ணெய், பிறகு சாதம். நான்கைந்து மாதத்தில் சுடிதார் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது, மாதவிடாய் நின்றுவிட்டது, வெயில் காலத்திலும் குளிர்கிறது என்கிறாள். வீட்டார் பெரும்பாலும் முதலில் போவது வயிற்று டாக்டரிடம். எண்டோஸ்கோபி, தைராய்டு டெஸ்ட், பசி டானிக், இடையில் கோயிலில் ஒரு தாயத்து. எல்லா ரிப்போர்ட்டும் நார்மல் என்று வருவதற்குள் பாதி வருடம் ஓடிவிடுகிறது. அதன் பிறகுதான் யாரோ ஒரு டாக்டர் 'அனோரெக்சியா' என்ற சொல்லைச் சொல்கிறார்.

அன்று மாலையே வீட்டில் ஆளுக்கொரு யோசனை கிளம்பும். டயட்டீஷியனிடம் காட்டலாம் என்பார் அப்பா. நல்ல கவுன்சலர் இருக்கிறார் என்பார் சித்தி. ஆஸ்பத்திரியில் சேர்த்து டியூப் போட்டால்தான் சரிவரும் என்பார் மாமா. பேசாமல் விடுங்கள், வயசுக் கோளாறு என்பார் பாட்டி. இவற்றில் எதை எப்போது தேர்வது என்பதற்கு ஓரளவு தெளிவான விடை உண்டு. ஒவ்வொரு வழியையும் ஒரே கேள்வியால் எடைபோடலாம்: இன்று இரவுச் சாப்பாடு என்ன, எவ்வளவு என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? அந்த முடிவு நோயின் கையிலேயே இருக்கும்படி விடும் எந்த வழியும், எவ்வளவு அன்பாக நடந்தாலும், நாளைக் கடத்தும்.

முதலில், எந்தக் கோளாறு?

அனோரெக்சியாவில் உணவு சுருங்கும், எடை விழும், எடை கூடுவதைப் பற்றிய பயம் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதாகும். புலிமியாவில் ஒரே மூச்சில் கட்டுப்பாடின்றித் தின்பதும், அதை ஈடுகட்ட வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது, பட்டினி கிடப்பது என்பதும் மாறி மாறி வரும். எடை சாதாரணமாகவே இருக்கலாம் என்பதால் வருடக்கணக்கில் வீட்டுக்குத் தெரியாமல் போகும். ஈடுகட்டல் இல்லாமல், கட்டுப்பாடிழந்து உண்பது மட்டும் இருப்பது மூன்றாவது வகை. அமெரிக்க மனநல வகைப்பாட்டில் 2013இல்தான் அதற்குத் தனி இடம் கிடைத்தது. நான்காவது ஆர்ஃபிட்: உடல் தோற்றக் கவலையே இல்லாமல், வாசனை, பதம், தொண்டையில் சிக்கிவிடுமோ என்ற பயம் ஆகியவற்றால் உணவை ஒதுக்குவது. அதற்கு வைத்தியமும் வேறு, இந்தக் கட்டுரை அதற்குள் போகவில்லை.

நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. 'குண்டாயிடுவேன்' என்று பிள்ளை வாய்விட்டுச் சொல்லவே மாட்டாள். 'வயிறு உப்புசமா இருக்கு', 'பசிக்கல', 'சாப்பிட்டா நெஞ்சை அடைக்குது' என்பதே காரணமாக வரும். எடைப் பயம் வெளியே தெரியாத அனோரெக்சியாவை 1990களில் ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். இந்திய மருத்துவர்களும் அதையே எழுதியிருக்கிறார்கள். உப்புசம் பொய்யுமல்ல. பட்டினியில் இரைப்பை காலியாகும் வேகம் குறைவதால் நான்கு வாய் சாப்பிட்டாலே வயிறு கனத்துப்போகும். சாப்பிடச் சாப்பிடத்தான் அது சரியாகும். ஆண் பிள்ளைகளுக்கும் இந்த நோய் வரும். அவர்களிடம் அது 'சிக்ஸ் பேக்', 'கட்டிங்' (கொழுப்பைக் குறைப்பது) என்ற ஜிம் மொழியில் ஒளிந்திருக்கும்.

எந்த வழியையும் தேர்வதற்கு முன்: இன்றே பார்க்க வேண்டியவை

வீடா ஆஸ்பத்திரியா என்பதை வீட்டாரின் தைரியத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. நாடியும் ரத்தமும்தான் முடிவு செய்ய வேண்டும். குழந்தை மருத்துவரிடமோ பொது மருத்துவரிடமோ போய், படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், உடல் வெப்பம், ஈ.சி.ஜி., ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட், மக்னீசியம், சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பாஸ்பேட் வழக்கமான டெஸ்ட் பட்டியலில் இருக்காது. கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

விழித்து ஓய்வாக இருக்கும்போது நாடி நிமிடத்துக்கு 50க்குக் கீழே, ரத்த அழுத்தம் 90/45க்குக் கீழே, உடல் வெப்பம் 35.6 டிகிரி செல்சியசுக்குக் கீழே, எடை அந்த வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய நடு பி.எம்.ஐ.யில் (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) 75 விழுக்காடு அல்லது அதற்கும் கீழே, உணவோ தண்ணீரோ அறவே மறுப்பு: இவற்றில் ஒன்று இருந்தாலும் அட்மிஷன் பற்றிப் பேச வேண்டும். எழுந்தால் மயக்கம், பொட்டாசியம் 3க்குக் கீழே, நெஞ்சு படபடப்பு, தற்கொலைப் பேச்சு ஆகியவையும் அப்படியே. நாடி 45 என்றால் 'விளையாட்டு வீராங்கனை மாதிரி இருக்கு' என்று ஆறுதல் சொல்பவர்கள் உண்டு. பட்டினியில் உடல் சக்தியைச் சேமிக்க நாடி குறைவதும் இதயத் தசையே தேய்வதும் வேறு விஷயம்.

இரண்டு எச்சரிக்கைகள். ரத்த ரிப்போர்ட் நார்மல் என்பதாலேயே பிள்ளை பத்திரம் என்றாகாது. உடல் கடைசி வரை அளவுகளைப் பிடித்து வைத்திருக்கும். அடுத்தது, குண்டாக இருந்த பிள்ளை வேகமாக இளைத்து 'இப்பத்தான் கரெக்ட்டா இருக்கா' என்று எல்லாரும் பாராட்டும் எடையில் இருந்தாலும், இதே ஆபத்துகள் வரும். இளைத்த வேகமும் அளவும் முக்கியம். தராசில் தெரியும் எண் மட்டும் போதாது.

ஐந்து வழிகள், அருகருகே

*பொறுத்துப் பார்ப்பது.* இதைப் பற்றி நிறையச் சொல்ல ஏதுமில்லை. மூன்று வருடத்துக்குள் பிடிக்கப்பட்ட இளம் வயது அனோரெக்சியா நன்றாகக் குணமாகிறது. நாள் ஆக ஆக நோய் பழக்கமாக இறுகுகிறது. பொறுமைக்கு இங்கே பலன் இல்லை.

*டயட்டீஷியன் மட்டும்.* சர்க்கரை நோய்க்கு அட்டவணை வேலை செய்யும், ஏனென்றால் நோயாளிக்கு அதைப் பின்பற்ற மனம் இருக்கிறது. இங்கே அட்டவணை பிள்ளையின் கையில் போகிறது. நோய் அதைத் தனக்கு வேண்டியபடி வளைக்கும். 'ரெண்டு சப்பாத்தின்னு டாக்டரே எழுதியிருக்காங்க, மூணாவது ஏன் தரே?' என்ற சண்டை அங்கிருந்து தொடங்கும். நார்ச்சத்து, எண்ணெய் குறைப்பு, சிறுதானியம் என்று பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரைகளும் இந்தப் பிள்ளைக்கு எதிரானவை. டயட்டீஷியன் குழுவில் ஒருவராக இருந்து, பெற்றோருடன் மட்டும் பேசினால் பயன் உண்டு. தனியே போதாது.

*பிள்ளைக்கு மட்டும் வாராந்திர கவுன்சலிங்.* பெரும்பாலான குடும்பங்கள் முதலில் எடுக்கும் முடிவு இதுதான், ஏனென்றால் 'மனசுல ஏதோ இருக்கு, அதைக் கண்டுபிடிச்சா சாப்பிடுவா' என்ற நம்பிக்கை. இந்த நம்பிக்கை ஏன் பிசகுகிறது என்பதை அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1944-45இல் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் உணவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தார். எடை கால்வாசி குறைந்தது. அதற்குள் அவர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள், ஒரு வேளைச் சாப்பாட்டை மணிக்கணக்கில் இழுத்தார்கள், நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள், எரிந்து விழுந்தார்கள், மனச்சோர்வில் விழுந்தார்கள். எவருக்கும் முன்பு அனோரெக்சியா இருந்ததில்லை. நாம் 'மனப் பிரச்சினை' என்று காண்பதில் பெரும்பகுதி பட்டினியின் விளைவு. பட்டினியில் இருக்கும் மூளையிடம் நியாயம் பேசி அதைச் சாப்பிட வைக்க முடியாது. சாப்பிட வைத்த பிறகுதான் பேச முடியும்.

பெரியவர்களுக்கு நிலை வேறு. 18 தாண்டியவரை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுவது நடவாது. அங்கே உணவுக் கோளாறுக்கென்றே வகுத்த அறிவாற்றல்-நடத்தை சிகிச்சை, அதாவது சி.பி.டி., முன் வரிசைத் தேர்வுகளில் ஒன்று. பிரிட்டனின் 2017ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டுதல் அதற்கு 40 வாரங்களில் 40 அமர்வுகள் வரை சொல்கிறது. மாதம் ஒருமுறை அரை மணி நேரம் என்று நடக்கும் நம் ஊர் கவுன்சலிங்கை இதோடு வைத்துப் பாருங்கள்.

*குடும்பமே நடத்தும் சிகிச்சை.* லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவானது. பெற்றோர் உணவுப் பொறுப்பை முழுதாகத் தங்கள் கையில் எடுக்கிறார்கள். சிகிச்சையாளர் அவர்களுக்கு வழிகாட்டுகிறார். அமெரிக்காவில் ஜேம்ஸ் லாக், டேனியல் லி கிராஞ்ச் ஆகியோரின் குழு 121 வளரிளம் நோயாளிகளை வைத்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சை முடிந்து ஒரு வருடம் கழித்து முழுக் குணம் அடைந்தவர்கள் இந்த வழியில் 49 விழுக்காடு, தனிநபர் சிகிச்சையில் 23 விழுக்காடு. பாதிப்பேருக்கு முழுக் குணம் வரவில்லை என்பதும் அதே கணக்கில் இருக்கிறது. ஆனாலும் 18 வயதுக்குட்பட்ட, உடல் நிலையாக உள்ள அனோரெக்சியாவுக்கு முதல் தேர்வு என்று இதைத்தான் சொல்ல முடியும்.

*அட்மிஷன்.* உயிரைக் காக்க, ஆம். நோயைத் தீர்க்க, பெரும்பாலும் இல்லை. பிரிட்டனில் 2007இல் வெளியான பெரிய ஆய்வில், உள்நோயாளியாகச் சேர்த்தவர்கள் வெளிநோயாளிகளைவிட மேலான பலன் பெறவில்லை. ஆஸ்திரேலியாவில் 2015இல் வெளியான ஆய்வு இன்னும் நேரடியானது: உடல் நிலையானதும் வீட்டுக்கு அனுப்பிக் குடும்ப சிகிச்சை தருவதையும், எடை ஏறும் வரை ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பிறகு அதே சிகிச்சை தருவதையும் ஒப்பிட்டார்கள். நீண்ட அட்மிஷனால் கூடுதல் லாபம் எதுவும் தெரியவில்லை. ஆகவே சில வாரங்கள், குழந்தைகள் வார்டில், நாடியும் ரத்த அளவுகளும் சீராகும் வரை. அதன் பிறகு வீடு.

அட்மிஷனை எது கட்டாயமாக்குகிறது என்றால், பல நாள் ஏறக்குறைய ஒன்றுமே உண்ணாமல் இருந்த உடம்புக்குத் திடீரென்று உணவு கொடுப்பதே ஆபத்து. பட்டினியில் உடல் கொழுப்பை எரித்து ஓடிக்கொண்டிருக்கும். மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் எகிறும். அது ரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாவற்றையும் செல்களுக்குள் இழுத்துவிடும். ரத்தத்தில் அளவு சரிந்து இதயத் துடிப்பு தடுமாறும், மூச்சுத் தசை தளரும், கால் வீங்கும். முதல் ஒரு வாரம் பத்து நாள்தான் அபாயக் காலம். ஆஸ்பத்திரியில் உணவுக்கு முன்பே தயமின் (வைட்டமின் பி1) கொடுத்து, தினமும் ரத்தம் எடுத்துப் பார்ப்பது இதற்காகவே. 'கஞ்சியில் ஆரம்பிங்க, ஒண்ணும் ஆகாது' என்ற உறவினர் யோசனை இங்கே இரண்டு விதத்தில் தவறு: கஞ்சி சுத்த மாவுச்சத்து, எடை ஏற்றவோ அது போதாது.

குடும்பம் கையில் எடுத்தால் நாள் எப்படிப் போகும்

மூன்று கட்டங்கள், சுமார் 20 அமர்வுகள், ஆறு மாதம் முதல் ஒரு வருடம். முதல் கட்டத்தில் என்ன சமைப்பது, எவ்வளவு பரிமாறுவது, எப்போது சாப்பிடுவது என்பதெல்லாம் பெற்றோர் வசம். இரண்டாம் கட்டத்தில் எடை ஏறி, தகராறு குறைந்த பிறகு, ஒவ்வொரு வேளையாகப் பிள்ளையிடம் திருப்பித் தருவது. மூன்றாவதில்தான் படிப்பு, நட்பு, தன்னம்பிக்கை என்று வயதுக்குரிய பேச்சு. யார் தப்பால் வந்தது என்ற விசாரணை எந்தக் கட்டத்திலும் கிடையாது.

முதல் கட்டத்தின் கணக்கு இப்படி. மூன்று வேளைச் சாப்பாடு, மூன்று இடைத்தீனி. இரண்டுக்கும் நடுவே மூன்று மணி நேரத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். சாப்பாட்டுக்கு முக்கால் மணி, இடைத்தீனிக்கு இருபது நிமிடம் என்று நேர வரம்பு. வெளிநோயாளியாக வாரம் அரைக் கிலோ ஏறினால் சரியான வேகம், அதற்கு வழக்கமான தேவைக்கு மேல் வாரம் சுமார் 3500 கலோரி வேண்டும். எடை ஏற ஏற உடல் எரிக்கும் அளவும் கூடுவதால், முதல் மாதம் வேலை செய்த தட்டு மூன்றாம் மாதம் போதாமல் போகும். நாளுக்கு 3000 கலோரியைத் தாண்டிப் போவது இந்தப் பிள்ளைகளிடம் சாதாரணம். கேட்டதும் பெற்றோர் திடுக்கிடுவார்கள்.

அளவைக் கூட்டாமல் சத்தைக் கூட்டுவதே சமையலறையின் வேலை. நான்கு இட்லியை ஆறாக்கினால் வயிறுதான் அடைக்கும். அதே நான்கு இட்லிக்குப் பொடியோடு ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் ஊற்றினால் 120 கலோரி கூடுகிறது, வயிற்றில் இடம் பிடிக்கவில்லை. சாதத்தில் இரண்டு தேக்கரண்டி நெய், சுமார் 80. நீலப் பாக்கெட் பாலுக்குப் பதில் ஆரஞ்சுப் பாக்கெட் நிறைகொழுப்புப் பால் ஒரு டம்ளர், சுமார் 170. ஒரு கை வறுத்த வேர்க்கடலை, 30 கிராம், அதுவும் சுமார் 170. தேங்காய்ச் சட்னி, எள்ளுருண்டை, முட்டை, பனீர், அவித்த நேந்திரம். ரசம், மோர், பச்சைக் காய்கறி, வெள்ளரி ஆகியவை வயிற்றை நிரப்பிச் சத்தைத் தராதவை; நோய்க்கு இவைதான் பிடிக்கும், அளவோடு நிறுத்துங்கள். இந்த எண்கள் பெற்றோருக்கு. பிள்ளை முன் கலோரி என்ற சொல்லே வர வேண்டாம், சமையலறைத் தராசு அவள் கண்ணில் படவும் வேண்டாம்.

தட்டு முன்னால் உட்கார்ந்து அழும்போது என்ன சொல்வது? விவாதம் வேண்டாம், விளக்கம் வேண்டாம், கெஞ்சல் வேண்டாம். 'இதுதான் கண்ணு இப்போதைக்கு மருந்து. கஷ்டம்னு தெரியும். நான் பக்கத்துலயே இருக்கேன். அடுத்த வாய் எடு.' இதையே நாற்பது தடவை, அதே குரலில். முடிக்கவில்லை என்றால் மிச்சத்துக்கு ஈடாகப் பாலோ சத்துப் பானமோ. பிறகு ஒரு மணி நேரம் டிவியோ கேரம்போ, பாத்ரூம் போகாமல், யாராவது ஒருவர் உடனிருந்து. எடை வாரம் ஒருமுறை, ஒரே தராசு, காலையில், சிறுநீர் கழித்த பின், மெல்லிய உடையில். கிளினிக்கில் பார்த்தால் இன்னும் நல்லது.

எங்கே உடைகிறது? நம் வீடுகளில் முக்கியமாக நான்கு இடங்களில்.

முதலாவது, அம்மா ஒரு தட்டு வைக்க, அப்பா 'பாவம், பாதி போதும் விடு' என்பது. இரண்டு பேரும் ஒரே அளவில் நிற்காவிட்டால் நோய் அந்த இடைவெளியில் நுழைந்துகொள்ளும். வளைகுடாவில் வேலை பார்க்கும் அப்பா வாரம் மூன்று சாப்பாட்டு வேளையாவது வீடியோ காலில் உட்கார வேண்டும், இரண்டாவது ஆளாகப் பாட்டியோ சித்தியோ பொறுப்பேற்க வேண்டும். கூட்டுக் குடும்பம் பெரிய பலம்தான், ஆறு பேரும் ஆறு யோசனை சொல்லாத வரைக்கும். முடிவெடுப்பவர்கள் இருவர் மட்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, பள்ளிக்கூடம். டிபன் பாக்ஸ் காலியாக வந்தால் உள்ளே போனது என்று பொருளல்ல. முதல் இரண்டு மூன்று வாரம் லீவு எடுப்பதோ, மதியம் ஒருவர் போய் உடனிருப்பதோ செய்யாமல் இது நகராது. பி.டி. வகுப்பு, நடனம், யோகா எல்லாம் டாக்டர் சொல்லும் வரை நிறுத்தம். பொதுத்தேர்வு ஆண்டு என்றால் வீட்டார் தயங்குவார்கள். தேர்வை மார்ச்சில் தவறவிட்டால் துணைத்தேர்வு இருக்கிறது.

மூன்றாவது, விரதம். அமாவாசை, சஷ்டி, சனிக்கிழமை என்று திடீர் பக்தி. அல்லது திடீர் சைவம், திடீர் வீகன். கேட்க வேண்டியது ஒன்றே: இது எடை குறையத் தொடங்கியதற்கு முன்பே இருந்ததா? இல்லையென்றால் அது நோயின் விரதம், குணமாகும் வரை தள்ளிவையுங்கள். நோயுற்றவருக்கு ரமலான் நோன்பிலும் விலக்கு உண்டு.

நான்காவது, சீக்கிரம் கைவிடுவது. கன்னம் தேறியதும் 'இனி அவளே பார்த்துக்கட்டும்' என்பார்கள். மாதவிடாய் இயற்கையாகத் திரும்பி, வளர்ச்சி வரைபடத்தில் அவளுடைய பழைய கோட்டுக்கு எடை வந்து சேரும் முன் நிறுத்தினால் மறுபடி சரியும். மாத்திரை போட்டு வரவழைக்கும் மாதவிடாய் கணக்கில் சேராது. எலும்பையும் அது காப்பதில்லை.

நான்கு வாரத்தில் சுமார் இரண்டு கிலோ ஏறியவர்கள் கடைசியில் குணமாகும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன. ஏறவில்லை என்றால் ஐந்தாம் வாரமே சிகிச்சையாளரோடு உட்கார்ந்து மாற்ற வேண்டும்: அளவு, மேற்பார்வை, இல்லையேல் அட்மிஷன். வீட்டில் அடி உதை, பாலியல் தொல்லை, பெற்றோர் ஒருவரின் குடி என்றால் இந்த வழியே பொருந்தாது.

வாந்தியும் கட்டுப்பாடிழப்பும் என்றால் கணக்கு மாறும்

புலிமியாவில் ஒப்பீடு மருந்து, சி.பி.டி., வழிகாட்டலோடு கூடிய சுய உதவி ஆகிய மூன்றுக்கும் இடையே. வளரிளம் பருவத்தினருக்கு இங்கும் குடும்ப சிகிச்சையே முன்னால். பெரியவர்களுக்கு அதே பிரிட்டன் வழிகாட்டுதல் எளியதிலிருந்து தொடங்கச் சொல்கிறது: சி.பி.டி. அடிப்படையிலான கைநூல் ஒன்றோடு, 16 வாரங்களில் இருபது இருபது நிமிடமாக நான்கிலிருந்து ஒன்பது சந்திப்புகள். நான்கு வாரத்தில் அசைவில்லை என்றால் 20 அமர்வு சி.பி.டி. மருந்தில் ஃப்ளூஆக்ஸெடின் நாளுக்கு 60 மி.கி. என்ற அளவில் பலன் தருவது நிரூபிக்கப்பட்டிருக்கிறது. மனச்சோர்வுக்கு வழக்கமாகத் தரும் 20 மி.கி.யை வைத்துக்கொண்டு 'மருந்து வேலை செய்யல' என்று முடிவு கட்டுவது இங்கே நடக்கும் பிழை. அளவைக் கூட்டுவது டாக்டரின் வேலை. மருந்து மட்டுமே சிகிச்சையாக இருக்கவும் கூடாது. பியூப்ரோபியான் என்ற மனச்சோர்வு மருந்து புலிமியாவில் வலிப்பைத் தூண்டும் என்பதால் கூடாது. மனச்சோர்வுக்கு வேறு டாக்டரிடம் போனால் வாந்தியைச் சொல்லாமல் விடாதீர்கள்.

இந்தச் சிகிச்சைகளின் உயிர்நாடி ஒன்றுதான், வேளை தவறாத சாப்பாடு. பகல் முழுக்கப் பட்டினி, ராத்திரி ஃப்ரிட்ஜ் முன்னால் நின்று அள்ளித் தின்பது, குற்ற உணர்வு, மறுநாள் மறுபடி பட்டினி. இந்தச் சுழலை ராத்திரியில் உடைக்க முடியாது, காலை எட்டு மணிக்குத்தான் உடைக்க முடியும். 16 மணி நேர விரதம், கார்ப் இல்லா டயட் போன்றவை இவர்களுக்கு நெருப்பில் எண்ணெய். கட்டுப்பாடிழந்து உண்பவர் பெருத்திருந்தால் முதலில் எடைக் குறைப்புத் திட்டத்தில் சேர்ப்பார்கள். வரிசை தவறு. உண்ணும் ஒழுங்கு முதலில், எடைப் பேச்சு அதன் பிறகு.

பேதி மாத்திரை பற்றி ஒரு வரி: சத்து சிறுகுடலில் உறிஞ்சப்பட்ட பிறகுதான் அது பெருங்குடலில் வேலை செய்கிறது. வெளியேறுவது தண்ணீரும் பொட்டாசியமும். வாந்திக்குப் பின் உடனே பல் துலக்கினால் அமிலத்தில் இளகிய எனாமல் தேயும். தண்ணீரில் கொப்பளித்துவிட்டு விடுவதே நல்லது.

கண்ணாடி எப்போது?

உடல் தோற்றம் பற்றிய வேலையை எப்போது தொடங்குவது என்பதும் ஒரு தேர்வு. அனோரெக்சியாவில் எடை கணிசமாகத் திரும்பிய பிறகே. அதற்கு முன் 'நீ ஒல்லியாத்தான் இருக்கே, கண்ணாடியைப் பாரு' என்ற வாதம் ஒருபோதும் வென்றதில்லை. எடை வந்த பிறகும் மாதக்கணக்கில் தோற்றக் கவலை நிற்கும். அது சிகிச்சை தோற்றதன் அடையாளமல்ல, கடைசியில் போவதே அதுதான்.

அப்போது என்ன செய்யலாம்? 'நீ அழகுதான்' என்று தினமும் சொல்வது பலரும் செய்வது; பேச்சு மறுபடி தோற்றத்திலேயே நிற்கிறது என்பதால் பலன் குறைவு. உடம்பை நேசி என்ற சமூக ஊடக முழக்கம் வெறுப்பிலிருந்து நேரடியாக அன்புக்குத் தாவச் சொல்கிறது, முடியாதபோது அது இன்னொரு தோல்வியாகிறது. நடுநிலைப் பேச்சு எளிது: இந்தக் கால் பஸ் ஏறுகிறது, இந்தக் கை கோலம் போடுகிறது. ஆனால் உண்மையான மாற்றம் தருவது இதைவிடச் சலிப்பூட்டும் ஒரு வேலை, உடலைச் சோதிக்கும் பழக்கத்தைக் குறைப்பது. இடுப்பைக் கிள்ளிப் பார்ப்பது, மணிக்கட்டை விரலால் வளைப்பது, செல்ஃபியைப் பெரிதாக்கிக் கன்னத்தைப் பார்ப்பது, தோழியின் தொடையோடு ஒப்பிடுவது. ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் வகுத்த சி.பி.டி. முறையில் இதை முதலில் ஒரு நாள் முழுக்க எழுதி வைக்கச் சொல்வார்கள். எண்ணிக்கையைப் பார்த்துப் பெண்களே அதிர்ந்துபோவார்கள். பிறகு ஒவ்வொன்றாக நிறுத்தம். எந்த உடம்பையும் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் குறை தெரியும். குறை தெரிந்தால் மறுபடி பார்க்கத் தோன்றும். கண்ணாடியைத் துணியால் மூடுவதும் துப்பட்டாவுக்குள் ஒளிவதும் இதே நோயின் மறுபக்கம், அவற்றையும் விடுவிக்க வேண்டும்.

செல்போனைப் பிடுங்குவதா? சில வாரத்துக்குத் தாங்கும். யாரைப் பின்தொடர்கிறாள் என்பதை மாற்றுவது நீடிக்கும். திரையின் பங்கு எவ்வளவு என்பதற்கு ஃபிஜித் தீவில் ஆன் பெக்கர் செய்த ஆய்வு இன்றும் பேசப்படுகிறது: பருத்த உடலைப் போற்றிய ஊருக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது, எடைக்காக வாந்தி எடுக்கும் பள்ளிப் பெண்கள் அன்று யாருமில்லை, 1998இல் 11.3 விழுக்காடு. நோய் இன்னும் வராத பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஏதாவது செய்ய விரும்பும் ஆசிரியர்கள், நோயை விவரித்துப் பயமுறுத்தும் உரைகளைத் தவிர்க்கலாம். சில பிள்ளைகள் அதில் வழிமுறைகளைக் கற்றுக்கொள்கிறார்கள். எரிக் ஸ்டைஸ் வகுத்த முறையில் மாணவிகளே ஒல்லி லட்சியத்துக்கு எதிராக வாதாடுகிறார்கள், கடிதம் எழுதுகிறார்கள், நடித்துக் காட்டுகிறார்கள். நான்கு ஒரு மணி நேர அமர்வு. தடுப்பு முயற்சிகளில் வலுவான சான்று உள்ளது இதற்குத்தான்.

வீட்டில் செய்ய வேண்டியது இரண்டு. பழைய சிறிய உடைகளை எடுத்துவிடுங்கள், யூனிஃபார்மை ஓர் அளவு பெரிதாகத் தையுங்கள். எடை ஏறும் மாதத்தில் இறுகும் சட்டை தினமும் காலையில் ஒரு சண்டையைக் கிளப்பும். இரண்டாவது, கல்யாண வீடு. 'என்னடி இப்படி இளைச்சுட்டே' என்பது அவளுக்குப் பாராட்டு. 'இப்பத்தான் முகம் தெளிஞ்சிருக்கு' என்பது 'குண்டாயிட்டே' என்று கேட்கும். இரண்டையும் தடுக்க வேண்டியது பெற்றோர், அவள் அல்ல. போகும் முன்பே போன் செய்து, 'அவ உடம்பைப் பத்தி மட்டும் பேச வேண்டாம் அத்தை, வேற என்ன வேணா கேளுங்க' என்று சொல்லிவிடலாம். அம்மா தன் இடுப்பைப் பற்றி அலுத்துக்கொள்வதையும் அதே நாளோடு நிறுத்த வேண்டும்.

யாரிடம் போவது

இந்தியாவில் இதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் குறைவு. பெங்களூரு நிம்ஹான்சிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்கான மனநலப் பிரிவுகள் உள்ளன. அருகில் யார் என்று தெரியாதவர்கள் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி-மானஸை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம். இலவசம், தமிழில் பேசலாம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மன நோய்க்கும் மருத்துவக் காப்பீடு தரச் சொல்கிறது. க்ளெய்ம் மறுக்கப்பட்டால் பிரிவு 21(4) என்று குறிப்பிட்டு எழுதுங்கள்.

சிகிச்சையாளரை முதல் சந்திப்பிலேயே நேராகக் கேளுங்கள். உணவுக் கோளாறு உள்ள வளரிளம் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு முறையும் எடை பார்ப்பீர்களா? நாங்கள் அறைக்குள் இருப்போமா, வெளியே காத்திருப்போமா? நாடியையும் ரத்தத்தையும் பார்க்கும் டாக்டருடன் நீங்கள் பேசுவீர்களா? நான்கு வாரத்தில் எடை ஏறாவிட்டால் என்ன செய்வீர்கள்? 'முதலில் அவளுக்கே சாப்பிடத் தோன்றட்டும்' என்று ஒருவர் பதில் சொன்னால், நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரைத் தேடுங்கள். அதுவரை மூன்று மணி நேரத்துக்கொரு தட்டையும், வாரம் ஒருமுறை நாடி பார்ப்பதையும் குழந்தை மருத்துவரின் துணையோடு தொடருங்கள்.